கயிற்றுப் பிடி: எண்ணிக்கை இரண்டு

1

என் பழைய முதலாளி கணேஸ் அண்ணையின் வான் வண்டியிலிருந்து இறங்கி நான் நடந்து வந்து இந்த மாதத்தோடு ஒரு வருடம். லண்டனிலிருந்து ஊருக்கு எழுதுகிறவர்கள் பனியையும் கோயில் தேரையும் எழுதுவார்கள். நான் ஒரு இரும்புத் துண்டைப் பற்றி எழுதப் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அதற்குத் தமிழில் பெயர் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. நானே கயிற்றுப் பிடி என்று வைத்துக்கொண்டேன். பொத்திய கையளவு இருக்கும். மரத்தில் உயரத்தில் உள்ள வலுவான கவட்டில் ஒரு கயிற்றைப் போட்டுத் தொங்கவிட வேண்டும். பிடியை அந்தக் கயிற்றில் பூட்டி, அதையும் உங்கள் இடுப்புப் பெல்ற்றையும் ஒரு குட்டைப் பட்டியால் இணைக்க வேண்டும். ஏற ஏறக் கையால் தள்ளினால் பிடி கூடவே மேலே வரும். கால் வழுக்கிப் பாரம் இழுத்தால் உள்ளே இருக்கிற பல்லு கயிற்றைக் கடித்து நின்றுவிடும். அவ்வளவுதான் அதன் வேலை.

அதில் விடக்கூடிய பிழைகளும் கொஞ்சம்தான். தலைகீழாகப் பூட்டினால் கடிக்காது. கயிறு மெல்லிசானால் கடிக்காது. மரப்பால் ஒட்டிப் பல்லு இறுகிப் போனால் கடிக்காது. நெஞ்சுக்குக் கீழே தொய்யவிட்டுக்கொண்டு ஏறினால் கடிக்கும், ஆனால் அதற்குள் நீங்கள் முதுகை முறிக்கிற தூரம் விழுந்திருப்பீர்கள்.

இப்போது நான் மரம் வெட்டும் வேலை செய்யும் இடத்தில் ஒவ்வொரு காலையும் முழங்கால் உயரத்தில் அந்தப் பிடியை நம்பி ஒரு தரம் குந்திப் பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறேன். மழைக்கோட்டோடு, மரத்தடியில், கயிற்றில் குந்திக்கொண்டிருக்கும் கறுத்த பெடியனைப் பார்த்து, நாய் கூட்டிக்கொண்டு போகும் வெள்ளைக்காரக் கிழவிகள் குட் மோர்னிங் சொல்வார்கள்.

எங்கள் ஆட்கள் குட் மோர்னிங் சொல்வதில்லை. கேள்வி கேட்பார்கள். கிழக்கு லண்டனில், ஃபாரஸ்ட் கேட்டில் நான் அறை எடுத்திருக்கும் வீட்டுக்குக் கீழே பலசரக்குக் கடை வைத்திருப்பவர் முதல் நாளே கேட்டார்.

"தம்பி ஊரில எவடம்?"

"வடமராட்சி."

"அது பெரிய இடமெல்லோ. வடமராட்சியில எவடம்?"

சொன்னேன்.

"எந்தக் கோயிலடி?"

அதையும் சொன்னேன். நாலாவது கேள்வி வரவில்லை. அது ஒருநாளும் வராது. மூன்றாவது பதிலோடு முகம் ஒரு சாதிக் கணக்கை முடித்து மூடிக்கொள்ளும். ஐயாயிரம் மைல் தாண்டி வந்து, குளிரில் மூக்கு வழிய மீன்பெட்டி இறக்கிக்கொண்டு நிற்கிற மனிசனுக்கு, எதிரே நிற்பவன் எந்தக் கோயிலடி என்று தெரிந்தாக வேண்டியிருக்கிறது. இதைக் கண்டால் எனக்குக் குமட்டும். வேறு நல்ல சொல் கிடைக்கவில்லை.

2

என் அப்பா பனையில் கள்ளுச் சீவியவர். அது தொழில் மட்டும் இல்லை என்பதை உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அதற்கு அப்பா வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று: மரத்தில் கால் வைக்கக் கூடாது. ஏழு வயதில் ஒரு கொய்யா மரத்தில் ஏறியதற்கு அவர் அடித்த அடியில் மூன்று நாள் குப்புறப் படுத்தேன். நாங்கள் நாலு பிள்ளைகளும் ஏணியைக்கூடத் தொட்டதில்லை. உயர்தரத்தில் கணிதம் படித்து, சண்டை, செக்பொயின்ற், கொழும்பு லொட்ஜ் எல்லாம் கடந்து இருபத்துநாலு வயதில் லண்டனில் வந்து விழுந்தபோது எனக்கு வகையீடு தெரியும், தொகையீடு தெரியும். மரம் ஏறத் தெரியாது.

எங்கள் ஊர்க்காரரான கணேஸ் அண்ணை தெற்கு லண்டனில், தோர்ண்டன் ஹீத்தில் இருக்கிறார். ஐம்பது வயது இருக்கும். பதினைந்து வருடம் ஜெர்மனியில் இருந்து, அந்த நாட்டுப் பாஸ்போர்ட்டும் எடுத்து, பிள்ளைகள் இங்கிலிஷில் படிக்கட்டும் என்று இங்கே மாறி வந்தவர். ஒரு வானும் இரண்டு மெசின் வாளும் வைத்துத் தோட்டம் துப்புரவாக்குவது, மரம் வெட்டுவது. கவுன்சிலுக்கு மரம் வெட்டும் ஒரு பெரிய கொம்பனி, தன்னால் ஏலாத சில்லறை வேலைகளை இவருக்குக் கொடுக்கும். வேலை கேட்டுப் போனபோது சமையலறையில் இருத்தி வைத்துக் கேட்டார்.

"ஆரின்ர மகன் நீ?"

சொன்னேன்.

"எடே, கந்தையன்ர மகனே! அப்ப உனக்கு நான் ஒண்டும் காட்டித் தரத் தேவையில்லை."

என் அப்பாவின் பெயர் கந்தையா. ஊரில் மற்றச் சாதிக்காரர் எங்கள் வேலிக்கு வெளியே நின்று மரியாதை விட்டுக் கூப்பிடும் 'கந்தையன்' தோர்ண்டன் ஹீத் சமையலறைக்கும் வந்து சேர்ந்திருந்தது.

"அண்ணை, நான் கணிதம் படிச்சனான்..."

"படி, ஆர் வேண்டாமெண்டது? மரம் ஏறுவாய்தானே?"

மூன்று மாதமாக வேலை இல்லை. அறையில் நாலு பேர், என் பங்கு வாடகையை மற்ற மூன்று பேரும் சுமக்கிறார்கள். ஓம் என்றேன். ஒரு சின்ன ஓம். அந்த ஒரு சொல்லுக்காகப் பத்து மாதம் மரங்களைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வியர்த்தேன்.

அவர் தந்தது ஒரு பெல்ற்றும் ஒரு பட்டியும். பட்டியை மரத்தைச் சுற்றிப் போட்டுப் பெல்ற்றில் கொளுவ வேண்டும். ஒரு கொப்பு குறுக்கே வந்தால் பட்டியைக் கழற்றி, கொப்புக்கு மேலே போட்டு, மறுபடி கொளுவ வேண்டும். கழற்றுவதற்கும் கொளுவுவதற்கும் இடையில் மரத்தோடு உங்களைப் பிடித்து வைத்திருப்பது உங்கள் துடையும் கடவுளும்தான். லண்டன் மரங்களில் கொப்புக்குக் குறைவில்லை. ஒரு மரத்தில் இருபது தரம் அப்படி அந்தரத்தில் நிற்பேன்.

கிழமையில் இரண்டு நாள் மரெக் என்ற போலந்துக்காரன் வருவான். நல்ல ஏறுகாரன். முதல் நாளே வானைத் திறந்து பார்த்துவிட்டு, பிடி இல்லையா, ஏறமாட்டேன் என்று சொல்லிப் பாதையோரம் இருந்து சிகரெட் பற்றவைத்தான். கணேஸ் அண்ணை கத்திப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். அடுத்த நாள் புத்தம்புதுப் பிடி ஒன்று பெட்டியோடு வந்தது.

"அண்ணை, எனக்கும் ஒண்டு எடுத்தா..."

"உனக்கென்னத்துக்கடா? அவன் விழுந்தா வழக்குப் போடுவான். நீ விழமாட்டாய். உங்கட ஆக்களுக்கு உது ரத்தத்தில இருக்கு."

இதை அவர் பாராட்டாகத்தான் சொன்னார். முதுகில் தட்டியும் விட்டார். கேவலம் என்னவென்றால், அந்த நேரம் என் முகமும் சிரித்தது.

3

அந்த வருடம் உயரத்தில் நின்று வேலை செய்வது பற்றி இந்த நாட்டில் புதுச் சட்டம் வந்திருந்தது. பெரிய கொம்பனி மாதா மாதம் ஒரு தாள் அனுப்பும். எத்தனை பெல்ற், எத்தனை கயிறு, எத்தனை கயிற்றுப் பிடி, யார் பரிசோதித்தது, என்ன திகதி. கணேஸ் அண்ணைக்கு ஜெர்மன் ஓடும். இங்கிலிஷ் எழுத்து ஓடாது.

"நீ படிச்சனிதானே. இதை நிரப்பு."

படித்ததால் எனக்குக் கிடைத்த முதல் பதவி இது. கயிற்றுப் பிடி என்ற இடத்தில் ஒன்று என்று எழுதினேன். அவர் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"ஏறுறது ரெண்டு பேரெண்டு மேல எழுதியிருக்கிறாய். பிடி ரெண்டெண்டு போடு. இல்லாட்டி வேலை தரமாட்டாங்கள்."

இரண்டு என்று போட்டேன். பல்லு சுத்தமாக இருக்கிறது, சுருள்கம்பி இறுக்கமாக இருக்கிறது என்று இல்லாத பிடிக்கும் சரி போட்டேன். கீழே கையெழுத்தும் என்னுடையது. அந்தத் தாளோடு வந்த கைநூலை வரி வரியாகப் படித்தவனும் நான்தான். ஒரு பிடி எப்படி இருக்க வேண்டும் என்று எனக்கு மனப்பாடம். என் இடுப்பில் மட்டும் இல்லை.

அவருடைய மகள் அபிக்குப் பதினாலு வயது. ஒருநாள் அதே மேசையில் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தாள். தகப்பன் வழக்கம்போல 'உங்கட ஆக்கள்' என்று ஏதோ சொன்னதும் தலையை நிமிர்த்தினாள்.

"அப்பா, 'உங்கட ஆக்கள்' எண்டா ஹூ?"

"அது... அங்காலைப் பக்கத்து ஆக்களம்மா."

"பட் தவம் அண்ணாவும் நீங்களும் ஒரே ஊர்தானே?" என்று என்னைக் காட்டினாள்.

"நீ உன்ர மட்ஸைச் செய்."

அவள் தோளைக் குலுக்கிவிட்டுக் காதில் பாட்டைக் கொளுவிக்கொண்டாள். பிள்ளைகள் கைவிட்டுப் போகிறார்கள், தமிழ் மறக்கிறார்கள் என்று ஒவ்வொரு கலைவிழா மேடையிலும் அழுகிறார்கள். அந்தப் பிள்ளை எதை மறந்து வளர்கிறது என்று பார்த்தேன். மறக்கட்டும் என்று இருந்தது.

4

பத்தாவது மாதம் எசெக்ஸ் பக்கம் ஒரு காட்டில் வேலை. அங்கே மான் சுடும் ஒரு கூட்டம் இருக்கிறது. நீங்கள் நினைப்பது போல நாயோடும் குதிரையோடும் துரத்துகிறவர்கள் இல்லை. ஓக் மரத்தில் ஏணியோடு சேர்ந்த ஆசனம் ஒன்றைச் சாய்த்துக் கட்டி, விடியற்காலையில் ஏறி, மூச்சுக் காட்டாமல் குந்தியிருப்பார்கள். பன்னிரண்டடி உயரம். மான் அந்த உயரத்துக்குத் தலை நிமிர்த்திப் பார்ப்பது குறைவாம்.

நாலு மரத்தில் ஆசனம் கட்ட வேண்டும். ஒவ்வொரு ஆசனத்துக்கும் மேலே, இருபதடியில், ஒரு கயிறும் போட்டுவிட வேண்டும். ஏன் என்று அந்தக் கூட்டத்தின் பொறுப்பாளர் பீற்றர் காட்டினார். அறுபது வயதுக்காரர், கம்பளித் தொப்பி. அவர்களில் ஒருவர் விடியலில் ஆசனத்திலேயே கண்ணயர்ந்து விழுந்து, இன்றைக்கும் சக்கர நாற்காலியில் இருக்கிறாராம். அதன் பிறகு பிடி இல்லாமல் யாரும் ஏறக்கூடாது என்று விதி. நிலத்தில் நிற்கும்போதே பிடியைக் கயிற்றில் பூட்ட வேண்டும். ஏணியில் ஏறும்போது கூடவே தள்ள வேண்டும். ஆசனத்தில் குந்தியதும் பிடியைத் தலைக்கு மேலே ஏற்றி, பட்டி தொய்யாமல் வைத்துக்கொள்ள வேண்டும். துவக்கைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறக்கூடாது, பிறகு கயிறு கட்டி இழுக்க வேண்டும். ஒவ்வொன்றையும் இரண்டு தரம் செய்து காட்டினார். பொழுதுபோக்குக்கு மான் சுடப் போகிற கிழவர்களுக்கு, பன்னிரண்டடிக்கு.

கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு முதல் ஓக்கில் நான் ஏறினேன். அன்றைக்கு மரெக் வரவில்லை, அவனுடைய பிடி பூட்டிய பெட்டியில் இருந்தது. பதினைந்தடியில் ஒரு கொப்பு குறுக்கே வந்தது. பட்டியைக் கழற்றினேன். கீழே பீற்றர் கத்தினார்.

"ஏய்! ஏய்! அவருடைய பிடி எங்கே? அவரை இறங்கச் சொல்லுங்கள்!"

கணேஸ் அண்ணை பதறவில்லை. தனக்குத் தெரிந்த இங்கிலிஷில், கையை விரித்துச் சிரித்துக்கொண்டு சொன்னார்.

"நோ ப்ரொப்ளம், சேர். ஹிஸ் பீப்பிள், ட்ரீ பீப்பிள். ஃபாதர், க்ராண்ட்ஃபாதர், ஆல் ட்ரீ. இற் இஸ் கல்ச்சர்."

கல்ச்சர் என்ற சொல்லைக் கேட்டதும் அந்த மனிசன் வாயை மூடிவிட்டார். ஏதோ கோயிலுக்குள் சப்பாத்தோடு வந்துவிட்டவர் போல ஒரு அடி பின்னால் வைத்தார். "ஓ, ஐ ஸீ," என்றார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு, மரியாதையோடு என்னை அண்ணாந்து பார்த்தார். தன் ஆளை விழ விடாமல் இத்தனை விதி வைத்திருக்கிற நல்ல மனிசன். என்னை விழ விடுவது என் கலாசாரத்துக்குச் செய்யும் மரியாதை என்று நம்பிவிட்டார்.

நான் பட்டி கொளுவாமல் கொப்பை அணைத்துக்கொண்டு நின்றேன். அந்த நேரம் எனக்கு வந்தது வீரம் என்று சொல்லமாட்டேன். அருவருப்பு.

"சேர்," என்று இங்கிலிஷில் கத்தினேன். "எங்கள் ஊரில் நான் ஒரு மரமும் ஏறியதில்லை. என் அப்பா விடவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. அந்தப் பிடியை மேலே அனுப்புங்கள்."

பீற்றர் ஓடிப் போய்த் தன் பையைக் கொண்டு வந்தார். நான் பட்டியைக் கொளுவிக்கொண்டு, தோளில் வைத்திருந்த கயிற்றை ஒரு கையால் மேல் கவட்டுக்கு எறிந்தேன். மூன்றாவது எறியில் கவட்டில் விழுந்தது. அவர் ஒரு நுனியை இழுத்து மரத்தடியில் கட்டினார். வாளை மேலே இழுப்பதற்கென்று என் இடுப்பிலிருந்து தொங்கவிட்ட நூல்கயிற்றில் பிடி ஏறி வந்தது. அம்புக்குறி மேலே பார்க்கப் பூட்டி, இழுத்துப் பார்த்து, பாரத்தை விட்டேன். கடித்தது. பத்து மாதத்தில் முதல் தடவையாக இரண்டு கையையும் மரத்திலிருந்து எடுத்தேன்.

5

திரும்பி வரும்போது வானுக்குள் கணேஸ் அண்ணை தொடங்கினார்.

"ஒரு வெள்ளையனுக்கு முன்னால என்ர முகத்தில கரி பூசிட்டாயே. ஏறத் தெரியாதெண்டா முதலே சொல்லியிருக்கலாமெல்லோ?"

"நீங்கள் கேக்கேல்லை அண்ணை. நீங்கள் அப்பான்ர பேரைத்தான் கேட்டனீங்கள்."

"வாய் நீண்டிட்டுது. படிச்ச திமிர்."

பெற்றோல் அடிக்கும் இடத்தில் நிறுத்தி அந்த மாதத் தாளை என் மடியில் போட்டார். கயிற்றுப் பிடி: எண்ணிக்கை. ஒன்று என்று எழுதினேன். ரெண்டாக்கு என்றார். மாட்டேன் என்றேன். அப்போதுதான் அந்தச் சொல்லைச் சொன்னார்.

"அப்ப காட்டிக் குடுக்கப் போறியோ?"

எங்கள் நாட்டில் அந்தச் சொல் எத்தனை பேரைத் துரோகி என்று விளக்குக் கம்பத்தில் கட்டிச் சுட வைத்தது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தாளை இருக்கையில் வைத்துவிட்டு இறங்கி நடந்தேன். பஸ் தரிப்பிடம் தேடி ஒன்றரை மணித்தியாலம்.

இதை ஒரு வெற்றியாக எழுதினால் பொய். அதற்கு முன் ஒன்பது தாளில் இரண்டு என்று எழுதிக் கையெழுத்து வைத்தவன் நான். இறங்கிய பிறகும் நான் யாருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. வேறு கொம்பனியில் சேர்ந்தேன், முறையாகப் பழகினேன், எனக்கென்று ஒரு பிடி வந்தது. என் முதுகு தப்பியது போதும் என்று இருந்துவிட்டேன்.

6

இந்தத் திங்கட்கிழமை சொல்லிவிட்டேன். வேலைப் பாதுகாப்பைக் கவனிக்கும் அலுவலகத்துக்குப் போன் எடுத்து, நாலு இடத்துக்கு மாற்றி, பெயரை எழுத்தெழுத்தாக மூன்று தரம் சொல்லி, ஒன்பது தாளிலும் உள்ள பொய்க் கையெழுத்து என்னுடையது என்றும் சொல்லிவிட்டேன். எனக்கு என்ன செய்வார்கள் என்று தெரியாது. கடிதம் வருமாம். காட்டிக் கொடுத்தவன் என்று இப்போதே பேச்சு அடிபடுகிறது. ஏன் சொன்னேன் என்பதை நீங்கள் என்னிடமிருந்தே கேட்க வேண்டும் என்றுதான் இவ்வளவும் எழுதினேன்.

அதற்கு முந்தின சனிக்கிழமை மத்தியானம் அப்டன் பார்க் கடைத்தெருவில் மீன் வாங்கிக்கொண்டு ஒரு குறுக்குத் தெருவால் வந்தேன். கணேஸ் அண்ணையின் வான் நின்றது. ஒரு வீட்டு முன்முற்றத்தில் பெரிய மேப்பிள் மரம், கொப்புகள் நடைபாதைக்கு மேலே நீட்டிக்கொண்டு. முப்பதடியில் ஒரு ஆள். கன்னத்தை மரத்தில் அழுத்திக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். தலையில் நரை. இடுப்பில் பட்டி மட்டும்.

"ஆரண்ணை மேல?"

"அட, வாத்தியார்!" என்றார் கணேஸ் அண்ணை. "உங்கட ஆள்தான். வந்து ரெண்டு மாதம். இவன் அசல், உன்னை மாதிரிப் புத்தகப் பூச்சி இல்லை."

"பிடி எங்கை?"

"உந்த இரும்புப் பைத்தியம் உனக்கு இன்னும் மாறேல்லையே?"

நான் மேலே பார்த்துக் கூப்பிட்டேன். "அண்ணை, இறங்குங்கோ!"

"இல்லைத் தம்பி... பிரச்சினை இல்லை. எனக்கு உது பழக்கம்."

அந்தக் குரல் எனக்குத் தெரியும். நான் ஓம் என்று சொன்ன குரல் அது.

மரம் வெட்டுகிறவர்களுக்கு ஒரு விதி உண்டு. கீழே ஆள் நின்றால் கொப்பை அறுக்க முடியாது. நடைபாதை எல்லாருக்கும் பொது. மீன் பையோடு அந்தக் கொப்புக்கு நேர்கீழே போய் நின்றேன்.

"தள்ளி நில்லடா. கொப்பு விழும்."

"விழட்டும்."

"பொலிசைக் கூப்பிடுவன்!"

"கூப்பிடுங்கோ. வரேக்க உந்தத் தாளையும் எடுத்துக் காட்டுங்கோ. இப்ப ஆர் நிரப்பித் தாறது, அபியோ?"

அவர் என்னை அடிக்க வந்தார் என்றுதான் நினைத்தேன். மகளின் பெயர் வந்ததும் நின்றுவிட்டார். ஏதோ முனகிக்கொண்டு வானுக்குள் ஏறிக் கதவைச் சாத்தினார். தூறல் தொடங்கியது. மீன் பையிலிருந்து தண்ணீர் சப்பாத்தில் சொட்டிக்கொண்டிருந்தது.

"எவ்வளவு நேரம் தம்பி நிப்பாய்?" என்று மேலிருந்து கேட்டார் அந்த மனிசன்.

"நீங்கள் இறங்குமட்டும்."

நாற்பது நிமிடம். ஒவ்வொரு கொப்பாக, பட்டியைக் கழற்றி, கண்ணை மூடி, மறுபடி கொளுவி, இறங்கினார். நிலத்தில் கால் வைத்ததும் மரத்தை விடவில்லை. பக்கத்தில் போனேன். உள்ளங்கை இரண்டும் தோலுரிந்து கிடந்தது.

"ஊரில என்ன செய்தனீங்கள் அண்ணை?"

"றேடியோ திருத்துறனான்." வானைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "தம்பி, இந்தப் பெல்ற்றைக் கழட்டத் தெரியுமே? காலமை அவர்தான் பூட்டிவிட்டவர். விடியத் தொடக்கம் நான் ஒண்டுக்குப் போகேல்லை."

குனிந்து கழற்றினேன். இடது துடைப் பூட்டில் வார் பிழையாகக் கோத்திருந்தது. ஒரு தரம் பாரம் விழுந்திருந்தால் உருவிக்கொண்டு போயிருக்கும். அதை அவருக்குச் சொல்லவில்லை. அவர் மதில் ஓரம் ஒதுங்கினார். நான் பெல்ற்றைக் கையில் வைத்துக்கொண்டு முதுகைக் காட்டி நின்றேன். நீண்ட நேரம் எடுத்தது.

திரும்பி வந்து, ஈரக் கையைக் களிசானில் துடைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"வேலை போச்சோ?"

"ஓம் அண்ணை," என்றேன்.